கேட்டால் சொல்கிறேன்: வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு எந்தக் கண்டென்சர்?

போன இதழில் வால்வு ரேடியோ பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிடார் ஆம்ப்ளிஃபயர் பற்றியவை. நம் பக்கத்து வீடுகளின் சாமான் அறைகளில் இத்தனை ஆம்ப்ளிஃபயர்கள் தூங்குகின்றன என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. எல்லாக் கடிதங்களும் ஃபில்டர் கண்டென்சரில்தான், அதாவது சப்ளை மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கண்டென்சரில்தான், வந்து நிற்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்க அதுதான்.

தேவகோட்டை வாசகர்: எங்கள் ஐயாவின் தம்பி 1960களில் பினாங்கிலிருந்து கொண்டுவந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் ஆம்ப்ளிஃபயர் இரண்டாம் கட்டு அறையில் வேட்டி சுற்றிக் கிடந்தது. பின்னால் 117 வோல்ட் என்று போட்டிருக்கிறது. கூடவே கனமான ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டியும் இருக்கிறது. மகன் கிடார் படிக்கிறான். பிளக்கில் செருகிப் பார்க்கலாமா? கண்டென்சர் மாற்றணும் என்கிறார்கள், என்ன வாங்குவது?

செருகாதீர்கள். ஆசைக்கு ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்தோம் என்று சொல்லி, கருகிய டிரான்ஸ்பார்மரோடு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கண்டென்சர் போனால் சில நூறு ரூபாய், டிரான்ஸ்பார்மர் போனால் அந்த ஆம்ப்ளிஃபயரின் உயிரே போன மாதிரி.

ஏன் அப்படி என்றால், எலக்ட்ரோலிடிக் கண்டென்சருக்குள் இருப்பது அலுமினியத் தகடும் ஈரமான ஒரு திரவமும். தகட்டின் மேல் மின்சாரமே வளர்த்துவிட்ட ஆக்சைடு படலம் ஒன்று உண்டு, அதுதான் காப்பு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் அது, ஒரு வோல்ட்டுக்கு ஒன்றரை நானோமீட்டர்கூட வராது. பல வருஷம் மின்சாரமே படாமல் கிடந்தால் படலம் பலவீனமாகிவிடும், திரவமும் ரப்பர் ஓரமாகக் காய்ந்துபோகும். அந்த நிலையில் நானூறு வோல்ட்டை ஒரேயடியாக ஏற்றினால் காப்பு தாங்காது, கரண்ட் கசியும், சூடேறும், உள்ளே வாயு கட்டும், அப்புறம் வெடிக்கும். இல்லையென்றால் ஷார்ட் ஆகி, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயர் வால்வையும் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இனி உங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு வருவோம். டீலக்ஸ் ரிவர்பில் அவுட்புட்டுக்கு 6வி6 வால்வு இரண்டு, ரெக்டிஃபயருக்கு ஜிஇசட்34 ஒன்று. சேசிஸின், அதாவது உள்ளே எல்லாம் பொருத்தியிருக்கும் உலோகச் சட்டத்தின், ஒரு ஓரத்தில் தகர மூடி ஒன்று திருகுபோட்டு இருக்கும், அதைக் கழற்றினால் வரிசையாக ஐந்து குழாய்க் கண்டென்சர்கள் படுத்திருக்கும். அந்தக் காலத்து சர்க்யூட் படத்தில் ஐந்துமே 16 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட், கண்டென்சரின் கொள்ளளவு), 450 வோல்ட். முதல் இரண்டும் பேரலல், அதாவது சேர்ந்து 32. மூடியைத் திறந்ததும் முனைகளை உற்றுப் பாருங்கள். ரப்பர் பிதுங்கியிருந்தாலோ, கம்பி வெளியே வரும் இடத்தில் காய்ந்த உப்பு மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தாலோ அது முடிந்த கதை. பூக்காமல் பளிச்சென்று இருந்தாலும் அறுபது வயசுக் கண்டென்சரை நான் நம்ப மாட்டேன், ஐந்தையும் மாற்றுங்கள். மல்டிமீட்டரில் 16 என்று சரியாகக் காட்டுகிறதே என்று சிலர் வாதாடுவார்கள். மீட்டர் அளப்பது ஒன்றிரண்டு வோல்ட்டில், கசிவு தெரியவருவதோ நானூறில்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வோல்ட். எம்எஃப்டி அதற்கு அப்புறம். ஃபெண்டரின் படத்தில் டிரான்ஸ்பார்மரிலிருந்து ரெக்டிஃபயருக்குப் போவது இரு பக்கமும் 330 வோல்ட் ஏசி. அதை 1.414 ஆல் பெருக்கினால் வரும் உச்சம் 467. ஆம்ப்ளிஃபயர் வேலை செய்யும்போது வால்வுகள் கரண்ட் இழுப்பதால் அது 420 பக்கம் இறங்கி நிற்கும், அதனால்தான் அவர்கள் 450இல் ஓட்டிவிட்டார்கள். ஆனால் சோதனைக்காக அவுட்புட் வால்வுகளைக் கழற்றிவிட்டு ஆன் செய்தாலோ, யாராவது ஜிஇசட்34 கிடைக்கவில்லை என்று சிலிக்கான் டயோடு போட்டுவிட்டாலோ 467 அப்படியே கண்டென்சர் தலையில் ஏறும். ராத்திரியில் நம் ஊர்களில் 230 என்பது 245, 250 என்று நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் 500 வோல்ட் கண்டென்சர்தான் போட வேண்டும். 450 போட்டுப் பல வருஷம் ஓடியவை உண்டு, இருந்தாலும் மூடியைக் கழற்றி மாற்றும் வேலை ஒருமுறைதான், அதில் ஐம்பது வோல்ட்டுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது எம்எஃப்டி. இன்றைய கடைகளில் வழக்கமான அளவுகள் 10, 22, 33, 47, 100 என்று போகும், 16 என்று கேட்டால் பழைய ஆம்ப்ளிஃபயருக்கென்றே செய்கிறவர்களிடம் மட்டும்தான் கிடைக்கும். நான் உங்களுக்கு 22 போடச் சொல்வேன், அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. இந்த ஆம்ப்ளிஃபயர் அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது, அங்கே 60 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபயர் தாண்டினால் அலை 120 ஆகும். நம் ஊரில் 50, ரெக்டிஃபயருக்கு அப்பால் 100. அதாவது ஒரு நிரப்பலுக்கும் அடுத்த நிரப்பலுக்கும் நடுவே கண்டென்சர் இன்னும் அதிக நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் 16 செய்த வேலையை இங்கே செய்ய 19 வேண்டும், அதற்கு அடுத்துக் கிடைப்பது 22. முதல் இரண்டும் பேரலல் ஆகும்போது 44. ஜிஇசட்34 தனக்கு அடுத்த முதல் கண்டென்சராக 60 எம்எஃப்டி வரை தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் அட்டவணை சொல்கிறது, ஆகவே பயமில்லை. ஆம்ப்ளிஃபயர் 100 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டால், 32இல் முப்பது வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் அலைவு (சப்ளை வோல்ட் ஏறி இறங்குவது) 44இல் இருபத்து மூன்றுக்கு வந்துவிடும். காதுக்குத் தெரிகிற வித்தியாசம் அது.

வாங்க வேண்டியது இரு முனையிலும் கம்பி வரும் ஆக்ஸியல் வகை, பழைய இடத்தில் அப்படியே உட்காரும். ஜெர்மனியின் எஃப் அண்ட் டி 22/500 போட்டிருக்கிறேன், நன்றாக இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்ப்ரேக் ஆட்டம் தடிமனாக இருக்கும், விலையும் கூடுதல். ஆக்ஸியல் கிடைக்காவிட்டால் நிச்சிகான், ரூபிகான் போன்ற ஜப்பான் கம்பெனிகளின் நின்ற வகை போடலாம். அதைப் பலகையில் ஒட்டி, கால்களுக்கு ஸ்லீவ் மாட்டி, ஆடாமல் செய்ய வேண்டும், ஏனென்றால் ஸ்பீக்கர் இருக்கும் பெட்டி அதிர்ந்துகொண்டே இருக்கும். 85 டிகிரி, 105 டிகிரி என்று இரண்டு வகை உண்டு, 105 வாங்குங்கள். பத்து டிகிரி சூடு கூடினால் எலக்ட்ரோலிடிக்கின் ஆயுள் பாதியாகும் என்பது நடைமுறைக் கணக்கு, சித்திரை மாசத்து நம் ஊர் வெயிலையும் வால்வு அனலையும் சேர்த்தால் அந்த இருபது டிகிரி சும்மா இல்லை.

இன்னொன்று, ஐந்தை மாற்றிவிட்டு ஆறாவதை விட்டுவிடாதீர்கள். பயாஸ் கண்டென்சர் என்று சின்னதாக ஒன்று தனியாக இருக்கும். 6வி6களின் கிரிட்டுக்கு (வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) போகும் மைனஸ் வோல்ட்டை, சுமார் மைனஸ் 35, அதுதான் சீராக வைக்கிறது. அது செத்தால் வால்வுத் தகடு அடுப்புத் தணல் மாதிரி சிவக்கும். 47 எம்எஃப்டி, 100 வோல்ட் போடலாம். அதில் பிளஸ் முனைதான் சேசிஸுக்குப் போக வேண்டும், மற்றவற்றுக்கு நேர் தலைகீழ். நான் வேலை பழகிய வருஷத்தில், எல்லா மைனஸும் சேசிஸுக்குத்தானே என்று கை வாக்கில் மாற்றிப் போட்டுவிட்டேன். மறுநாள் சாயங்காலம் கச்சேரிக்கு நடுவில் அது வெடித்து, அந்த வீட்டுக்காரர் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து நின்றார். அன்றைக்கிருந்து பயாஸ் கண்டென்சருக்கு ஈயம் வைக்கும் முன் பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று போட்டோவோ படமோ எடுக்காமல் தொடுவதில்லை.

கை வைப்பதற்கு முன் டிஸ்சார்ஜ். புதிதாக மாற்றியதைச் சோதித்துவிட்டு மறுபடி திறக்கும்போதுதான் ஆபத்து அதிகம், அப்போது உள்ளே நிஜமாகவே நானூறு வோல்ட் உட்கார்ந்திருக்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் போகாது. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு காலிலும் காப்பிட்ட முதலை கிளிப் வயரைச் சேருங்கள். ஒரு கிளிப்பை முதலில் சேசிஸில் மாட்டிவிட்டு, இன்னொன்றை ஒரு கையால் கண்டென்சர் பிளஸில் மாட்டுங்கள், மறு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஐந்தாறு விநாடியில் இறங்கிவிடும், நான் கால் நிமிஷம் விடுவேன். மீட்டரில் பார்த்து, வேலை முடியும்வரை கிளிப்பைக் கழற்றாதீர்கள், கொஞ்ச நேரத்தில் வோல்ட் தானாகவே கொஞ்சம் திரும்பி ஏறும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்கிற பழக்கம் வேண்டாம்.

முதல் ஆன் செய்வது சீரிஸ் லேம்ப் வழியாக. உங்கள் டிரான்ஸ்பார்மர் பெட்டிக்கு முன்னால், கரண்ட் பல்பைத் தாண்டித்தான் உள்ளே போகும்படி, 60 வாட் குண்டு பல்பு. பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள். அந்தப் பெட்டி 230ஐ 110 ஆக்குகிற வகைதானா என்று ஆம்ப்ளிஃபயரை மாட்டும் முன்பே மீட்டரில் பார்த்துவிடுங்கள். இரட்டை வயர் கார்டாக இருந்தால் மூன்று வயராக மாற்றி எர்த்தை சேசிஸில் முறுக்குங்கள், டிரான்ஸ்பார்மர் பெட்டி வழியாக எர்த் அறுபடாமல் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். கிரவுண்ட் சுவிட்சில் இருக்கும் சின்னக் கண்டென்சரைக் கழற்றிவிடுங்கள், அது ஷார்ட் ஆனால் கிடார் கம்பியில் மின்சாரம் வரும். வாசிக்கப்போவது உங்கள் பிள்ளை.

பள்ளத்தூர் வாசகர்: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் அட்டைப்பெட்டி பிரிக்காத பழைய கண்டென்சர்கள் பார்த்தேன். என் ஆம்ப்ளிஃபயரில் எல்லாமே ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்று ஆசை. வாங்கலாமா?

அலமாரியில் வைக்க வாங்கலாம், ஆம்ப்ளிஃபயரில் போட வேண்டாம். பித்தளைச் செம்பு, எனாமல் தூக்கு எல்லாம் பிரிக்காமல் இருந்தால் மதிப்பு கூடும், எலக்ட்ரோலிடிக் பிரிக்காமலே சாகும். பெட்டிக்குள் இருந்தாலும் படலம் கரையும், திரவம் காயும்.

ஒரிஜினல் தோற்றத்துக்கு வழி இருக்கிறது. உங்களுடையது சேசிஸ் மேல் நிமிர்ந்து நிற்கும் அலுமினிய டப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கழற்றி, அடி மடிப்புக்குக் கொஞ்சம் மேலே மெல்லிய ரம்பத்தால் சுற்றி அறுத்து, உள்ளே இருக்கும் சுருளை வெளியே எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே கறுப்பாகக் கீல் மாதிரி இருந்தால் டப்பாவை லேசாகச் சூடு காட்டினால் கழன்றுவரும். இன்றைய கண்டென்சர்கள் பழையதில் கால்வாசிதான் இருக்கும், இரண்டு மூன்று தாராளமாக உள்ளே போகும். அடித்தகட்டில் பழைய முனைகளுக்குப் பக்கத்தில் துளை போட்டு கால்களை வெளியே எடுத்து இணைத்துவிடுங்கள். பழைய முனை ரிவெட்டையே நம்பி உள்ளே ஈயம் வைத்தால் அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. முனைகளுக்குப் பக்கத்தில் முக்கோணம், சதுரம், அரைவட்டம் என்று வெட்டியிருக்கும், எந்தக் குறி எத்தனை எம்எஃப்டி என்பது டப்பாவின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும், அறுக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்.

காரைக்குடி, இன்ஜினீயரிங் மாணவர்: என் ஆம்ப்ளிஃபயரில் இஇசட்81 ரெக்டிஃபயர், 32+32. இரண்டையும் 220 ஆக்கினால் ஹம் (உம்மென்ற இரைச்சல்) சுத்தமாகப் போய்விடாதா சார்?

தம்பி, ஹம் குறையும், கூடவே ரெக்டிஃபயரும் போகும். இஇசட்81க்கு முதல் கண்டென்சர் உச்சமே 50 எம்எஃப்டி. கண்டென்சர் பெரிசாக ஆக, அதை நிரப்பும் கரண்ட் சிறு சிறு நேரத்தில் பெருவெள்ளமாகப் பாயும், வால்வின் கேத்தோடு (எலக்ட்ரானை வெளிவிடும் முனை) அதைத் தாங்காமல் உள்ளே தீப்பொறி பறக்கும். 5யு4ஜிபிக்கு 40, ஜிஇசட்34க்கு 60. ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை உண்டு, அட்டவணையில் பார்த்துவிட்டுத்தான் கண்டென்சர் வாங்க வேண்டும். நீங்கள் 33+33 போடுங்கள், முதல் இடத்துக்கு 47 வரை போகலாம்.

கேட்கும் சுகமும் இதில் இருக்கிறது. தந்தியை ஓங்கி அடிக்கும்போது சப்ளை ஒரு கணம் தாழ்ந்து, திரும்பி எழும். பழைய ஆம்ப்ளிஃபயரில் அடி விழுந்ததும் ஓசை கொஞ்சம் அமுங்கி மலர்கிற மாதிரி கேட்குமே, அது பாதி இதனால்தான். 220 போட்டால் அது விறைத்துப்போகும். அதற்காகச் செத்த கண்டென்சரையும் வைத்திருக்கக் கூடாது. அப்போது ஒரு சுரத்தை வாசித்தால் அதன் அடியிலேயே சுருதி சேராத இன்னொரு சுரம் பேய் மாதிரி கூடவே வரும், 100 ஹெர்ட்ஸ் அலைவு வாசிக்கிற சுரத்தோடு கலப்பதால் வருவது அது. மேல் ஃபிரெட்டுகளில் தந்தியை இழுத்து வாசித்தால் நன்றாகத் தெரியும்.

உங்கள் கல்லூரிக்குப் பக்கத்திலேயே சிக்ரி இருக்கிறது, 1953இல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். ஆக்சைடு படலம் வளர்ப்பது அவர்கள் துறை. பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளில் போய், அனோடைசிங் பற்றிக் கேளுங்கள், கண்டென்சர் அப்புறம் வேறு மாதிரி தெரியும்.

கானாடுகாத்தான் வாசகி: மைக் செட் வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கிடாருக்கு மாற்றியிருக்கிறோம். எச்டி, அதாவது வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்ட் சப்ளை, 520 வோல்ட் இருக்கிறது. அவ்வளவு வோல்ட்டுக்குக் கண்டென்சரே கடையில் இல்லை என்கிறார்கள்.

இரண்டை சீரிஸில், ஒன்றன் பின் ஒன்றாக, போடுங்கள் அம்மா. 100 எம்எஃப்டி, 350 வோல்ட் இரண்டு சீரிஸில் 50 எம்எஃப்டி, 700 வோல்ட் ஆகும். ஃபெண்டர் ட்வின் ரிவர்பில் இதே முறைதான், 70/350 இரண்டு. ஆனால் சும்மா சேர்த்தால் கசிவு கம்மியான கண்டென்சர் தலையில் அதிக வோல்ட் ஏறிவிடும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் போட்டால் இரண்டும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும், அணைத்த பிறகு டிஸ்சார்ஜும் ஆகும். 520இல் பாதி 260, ரெசிஸ்டரில் 0.3 வாட் சூடுதான். சீரிஸில் மேலே இருக்கும் கண்டென்சரின் உலோக உடம்பு சேசிஸில் படக் கூடாது, அதன் மைனஸ் அங்கே 260 வோல்ட்டில் நிற்கும்.

வாங்கும் இடத்தில் கவனம். போன வருஷம் தபாலில் வரவழைத்த 450 வோல்ட் கண்டென்சர் பத்தில் ஒன்று கையில் எடுத்ததுமே தக்கையாக இருந்தது. பிளேடால் ஸ்லீவைக் கீறிப் பார்த்தேன், உள்ளே இன்னொரு ஸ்லீவ், அதில் 250 என்று அச்சு. பத்துமே அப்படித்தான், பணமும் திரும்பவில்லை. அதிலிருந்து எடை பார்க்காமல் வாங்குவதில்லை, தயாரித்த வருஷ வாரக் குறியையும் பார்ப்பேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் நேரில் பார்த்து வாங்கி வரச் சொல்லுங்கள். இந்தியாவில் செய்ததே போதும் என்றால் கேரளாவின் கெல்ட்ரான் எலக்ட்ரோலிடிக் செய்கிறது.

புதுவயல் வாசகர்: எல்லாம் மாற்றியும் வால்யூம் கூட்டினால் பம்புசெட் ஆயில் இன்ஜின் மாதிரி புட் புட் என்கிறது.

கடைசிக் கண்டென்சரைப் பாருங்கள், முதல் வால்வுக்குப் போகும் சப்ளையில் இருப்பது. அதன் இணைப்பில் ஈயம் சரியாகப் பிடிக்காவிட்டால், அவுட்புட் வால்வு இழுக்கும் இழுப்பு சப்ளை கம்பி வழியாகவே முதல் வால்வுக்குத் திரும்பி வந்து சுற்றும். மைனஸ் கம்பி பழைய இடத்திலேயே சேசிஸில் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேசிஸ் பெரியது, சின்ன அயர்ன் அதைச் சூடாக்காது, மேலே மினுமினுப்பாக ஒட்டின மாதிரி தெரிந்து உள்ளே பிடிக்காமல் இருக்கும். 60 வாட் அயர்ன் வைத்து ஈயம் தண்ணீர் மாதிரி பரவும்வரை பிடியுங்கள். டிஸ்சார்ஜ் செய்துவிட்டு.